கை இறங்கும்வரை

எங்கள் ரஸ்மா டீச்சருக்கு வளைவுக் கூரையைக் கண்டால் கை அரிக்கும். சுரங்கப்பாதை, வற்றிய நீச்சல்குளம், ஒருமுறை பால்பண்ணையில் காலியாகக் கிடந்த தொட்டி என்று எதையும் அவர் விட்டதில்லை. எங்கள் பாடகர் குழு மொத்தத்தையும் உள்ளே நிறுத்தி ஒரு பாட்டாவது பாடவைத்து, அந்த இடம் குரலை எத்தனை நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்தால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். லாட்வியாவில் எங்கள் ஊரான யெல்காவாவில் இதைச் சொல்லி எங்களைக் கேலி செய்யாத மாணவர்களே கிடையாது.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்தது மூன்று நாளுக்கு. முதல் நாள் பயணத்தில் போயிற்று, இரண்டாம் நாள் மாலை லிங்கன் நகரத்தில் கச்சேரி, மூன்றாம் நாள் ஊர் சுற்றிவிட்டு இரவு விமானம். கோட்டை, கதீட்ரல், ரோமானியர் கட்டிய வளைவு எதுவும் எனக்கு வேண்டாம். அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கதீட்ரல் வாசலில் நான் என் அம்மாவைப் பார்க்க வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் நின்று தொண்டையைத் தேய்த்ததெல்லாம் அதற்காகத்தான்.

அம்மாவின் பெயர் இனாரா. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது பிழைப்புக்காக இங்கிலாந்து போனவள். அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டுவிட்டார். என்னை வளர்த்தது சித்தி. லிங்கனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் பாஸ்டன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அமெரிக்க பாஸ்டன் இல்லை, அதற்குப் பெயரைக் கடன் கொடுத்த ஊர். அங்கே ஒரு ஆலையில் அம்மா முட்டைக்கோஸ் பொட்டலம் கட்டுகிறாள். தெருவுக்குத் தெரு எங்கள் நாட்டுக்காரர்கள்தான், லாட்விய ரொட்டிக்கடைகூட இருக்கிறது என்று போனில் பெருமையாகச் சொல்வாள். அப்படியானால் ஊரையே அங்கே தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே, என்னை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்க நாக்கு வரை வரும். கேட்டதில்லை.

அவள் கடைசியாக ஊருக்கு வந்து நாலு வருஷமாகிறது. கிளம்பும்போது டாக்ஸி வாசலில் நிற்கிறது என்று காலணியைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்து என் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். எங்கள் வீட்டுக்குள் காலணியோடு வருகிற ஒரே ஆள் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர். அந்த ஈரத் தடத்தைச் சித்தி துடைக்கப் போனபோது நான் துணியைப் பிடுங்கித் தூர எறிந்தேன்.

நாங்கள் சந்திக்க இருந்த அந்த மூன்றாம் நாள் அம்மாவுக்கு ராத்திரி ஷிஃப்ட். ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் வேலைக்குப் போய்ச்சேர முடியும். எனக்குக் கிடைக்கப்போவது ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

மதியம் மேலே கோட்டையைப் பார்த்துவிட்டு, கீழே பஸ் நிலையம் பக்கம் எங்கள் வண்டி நின்ற திசையில் கடைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தோம். அந்த ஊர்த் தெரு செங்குத்தாக இறங்கும், முழங்கால் கெஞ்சும். பாதி வழியில் ஒரு சின்ன சர்ச் திறந்திருந்தது. டீச்சர் சும்மா தலையை நீட்டினார். உள்ளே பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கீழே நிலவறை இருக்கிறது, எண்ணூறு வருஷத்துக் கல் வளைவு, போய்ப் பாருங்கள் என்று கதவைக் காட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்க்கப் போனாள்.

"டீச்சர், நாலு மணிக்கு அம்மா வந்துருவாங்க. நான் இப்படியே மேல போயிடறேனே" என்றேன்.

"ஒரே ஒரு பாட்டு, ஏவியா. நீ இல்லன்னா ஆல்ட்டோ காத்துல போயிடும். பாடிட்டுப் பறந்துடு, நானே ஒன்னை வெரட்டறேன்."

"ஒரு பாட்டுன்னா ஒன்னுதானே டீச்சர்? போன தடவ ஒன்னுன்னு சொல்லிட்டு நீச்சல்கொளத்துல இருட்டுற வரைக்கும் நிக்க வச்சீங்க" என்றான் காத்திஸ். எங்கள் அடிக்குரல் பாஸ் வரிசைத் தூண். ஆளும் தூண் மாதிரிதான் இருப்பான்.

"நீ பேசாம எறங்குடா."

இறங்கினோம். குளிர்ந்த கல், பூஞ்சை வாசம், நடுவில் யாரோ ஒரு பெரிய மனிதரின் கல்லறை. மஞ்சளாக ஒரே ஒரு பல்பு. தெருப்பக்கச் சுவரில், தலைக்கு மேலே, கம்பி போட்ட ஒரு சிறு சந்து. மேடு பள்ளமான தெரு என்பதால் அந்தக் கம்பி நடைபாதையோடு ஒட்டியிருந்தது. போகிறவர்களின் காலணி மட்டும் தெரிந்தது.

எங்கள் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசிச் சுரம் நின்றதும் பாட்டு முடிந்துவிடாது. டீச்சரின் இரண்டு கைகளும் மேலேயே நிற்கும். எதிரொலி அடங்கி, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவை இறங்கும். அதுவரை இருமல், தும்மல், மூக்குறிஞ்சல், காலணிக் கிரீச்சல் எதுவும் கூடாது. போன வருஷம் கச்சேரியில் அந்த நேரம் பார்த்து காத்திஸின் வயிறு உறுமிவிட்டது. ஒரு மாதம் திட்டு வாங்கினான். குழுவில் சேர்ந்த முதல் வாரமே இது ரத்தத்தில் ஏறிவிடும். கை மேலே இருக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் நாங்கள் இமைக்க மாட்டோம்.

அன்று நன்றாகப் பாடினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடைசிச் சுரத்தை விட்ட பிறகும் அந்தக் கூரை அதை விடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. டீச்சரின் கைகள் மேலே. அது கரைந்துகொண்டே போகிற நேரம், படிக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்டது. வயதான ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

"கீழ யாராவது இருக்கீங்களா?"

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. இங்கிலீஷ் தெரியாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. டீச்சரின் கை மேலேயே இருந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"யாரும் இல்லியே?" என்றது குரல். அப்புறம் விளக்கு அணைந்தது.

இதுதான் கொடுமை. விளக்கு அணைந்ததும் எல்லோரும் கூச்சல் போட்டிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். ஆனால் இருட்டில் டீச்சரின் கை இறங்கியதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் நின்றோம். மேலே கதவு மூடிற்று. பெரிய சாவி ஒன்று பூட்டுக்குள் சுற்றுகிற சத்தம் வந்தது. வெளிக்கதவும் எங்கோ தொலைவில் அறைந்து சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் முழுதாக ஓய்ந்தபின் காத்திஸ் மெதுவாகக் கேட்டான்.

"டீச்சர், கை எறங்கிடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நிமிஷம் எல்லோரும் படியேறிக் கதவை இடித்துக்கொண்டிருந்தோம். ஓக் மரக் கதவு, எங்கள் கைதான் வலித்தது. போன் யாரிடமும் இல்லை. பாடப்போகிற நாளில் போன்களை ஒரு துணிப்பையில் வாங்கி வண்டியில் வைத்துவிடுவது டீச்சரின் இன்னொரு சட்டம். வண்டி ஓட்டுநர் ஏழு மணிக்குத்தான் எங்களை எதிர்பார்ப்பார். அதுவரை சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்.

கண் பழகியதும் கம்பி வழியாக வந்த வெளிச்சத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. கல்லறை மேல் ஏறினால்தான் அந்தச் சந்து எட்டும். காத்திஸ் "பெரியவரே, கோச்சுக்காதீங்க" என்று கல்லைத் தொட்டுவிட்டு ஏறினான். நானும் ஏறினேன். கத்தினோம். இளவட்டங்கள் கூட்டமாகக் கத்தினால் குடித்துவிட்டுக் கத்துகிறார்கள் என்றுதான் உலகம் நினைக்கிறது. காலணிகள் வேகமாகக் கடந்துபோயின.

"கத்துனா ஓடுறாங்க. பாடுவோம், நிப்பாங்க" என்றார் டீச்சர்.

பாடினோம். நின்றார்கள். கறுப்புக் காலணி, ஊதா ஷூ, தள்ளுவண்டிச் சக்கரம் என்று கம்பிக்கு வெளியே சின்னக் கூட்டமே சேர்ந்தது. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். கம்பி வழியாக ஒரு நாணயம் உள்ளே விழுந்து கல்லில் உருண்டது. பிறகு இன்னொன்று.

காத்திஸ் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தான். "மேடம், கதவு. கதவு மூடியிருக்கு."

கறுப்புக் காலணிக்கு மேலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. "தெரியும்ப்பா, இந்நேரத்துக்கு மூடிருவாங்க, இனி உள்ள வர முடியாது. நான் நாளைக்கு வந்து கேக்கறேன். ரொம்ப நல்லாப் பாடறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டமும் கலைந்தது.

"நல்லாப் பாடித் தொலைச்சதுதான் தப்பு. கேவலமாப் பாடியிருந்தா போலீசாவது வந்திருக்கும்" என்றான் காத்திஸ்.

கதீட்ரல் மணி நாலு அடித்தது. ஒவ்வொரு அடியும் என் விலாவில் விழுந்தது. மேலே, கூப்பிடு தூரத்தில், அம்மா நிற்கிறாள். வாசலில் வந்துபோகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். நான் கீழே ஒரு செத்த மனிதரின் மார்பு மேல் நின்றுகொண்டிருக்கிறேன்.

நான் கல்லறையிலிருந்து குதித்து நேரே டீச்சரிடம் போனேன்.

"அந்தாளு கேட்டாரில்ல? யாராவது இருக்கீங்களான்னு கேட்டாரில்ல? ஒங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் கைய எறக்கல?"

டீச்சர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சத்தம் இன்னும் முழுசா அடங்கல, ஏவியா" என்றார். அவருக்கே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்திருந்தது. குரல் உள்ளே போயிருந்தது. "நீ ஏம்மா பதில் சொல்லல?" என்று கேட்டார். குத்துவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எனக்கு ஆத்திரத்தில் கண் மங்கியது. வாய் எனக்கு இருந்தது. அம்மா காத்திருப்பதும் எனக்குத்தான் தெரியும். இருந்தும் ஒரு ஜோடிக் கை மேலே நிற்கிறதே என்று மாடு மாதிரி நின்றேன். பூட்டியது அந்தச் சாவிக்காரர் மட்டுமில்லை.

அதற்கப்புறம் நேரம் நகரவே இல்லை. குளிர் முதுகில் ஏறியது. சிலர் படியில் ஒண்டிக்கொண்டார்கள். உச்சக்குரல் பாடும் சோப்ரானோப் பெண்கள் இரண்டு பேர் அழுதார்கள். டீச்சர் தன் கம்பளிச் சால்வையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகச் சுவரோரம் போய் நின்றார். நான் மறுபடி கல்லறை மேல் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பஸ்ஸுக்கு இந்தத் தெரு வழியாகத்தான் இறங்க வேண்டும். ஆனால் அவள் இப்போது என்ன காலணி போடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் ஒருத்தி எத்தனை காலணி மாற்றியிருப்பாள். பெண்கள் காலணி எது போனாலும் "அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. கூப்பிடக் கூப்பிட என் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

மணி ஐந்தும் அடித்துவிட்டது. என்னை இறங்கி ஓய்வெடுக்கச் சொல்லி காத்திஸ் மேலே ஏறினான். ஏறுகிறவன் பார்த்து ஏற வேண்டாமா? தன் முழு எடையையும் என் கால் கட்டைவிரல் மேல் வைத்தான்.

"ஒன்னைப் பன்னி மேய, எழவெடுத்த பய புள்ள, கொழுப்பெடுத்துப் போய்க் கெடக்க" என்று எங்கள் பாஷையில் தெருவே கேட்கக் கத்தினேன். அது எங்கள் வீட்டு வசவு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் மட்டும் வருவது.

"ஏவியா, வார்த்தைய அளந்து பேசு" என்றார் டீச்சர் சுவரோரத்திலிருந்து.

கம்பிக்கு வெளியே கடந்துபோன பழுப்புக் காலணி இரண்டும் நின்றன. தையல் பிரிந்து, முன்பக்கம் வெளுத்த காலணி.

"யாரது?" என்று எங்கள் பாஷையிலேயே ஒரு குரல் கேட்டது. "இந்த மாதிரி வையறதுக்கு ஒனக்கு யாருடி சொல்லிக்குடுத்தா?"

"நீதாம்மா" என்றேன்.

காலணிகள் திரும்பின. ஒரு முழங்கால் கல்லில் ஊன்றியது. முகம் வரைக்கும் குனிய முடியவில்லை. நடைபாதை குறுகலானது, சுவர் உள்வாங்கியிருந்தது. ஒரு கை மட்டும் கம்பிக்குள் வந்தது. வெடித்த தோல். சுண்டுவிரலில் உணவு ஆலைகளில் ஒட்டுகிற நீலப் பிளாஸ்திரி. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இங்க என்னடி பண்றே? நான் மேல நின்னு நின்னு... எத்தன தடவ போன் அடிச்சேன்."

"பூட்டிட்டாங்கம்மா. எல்லாரையும் பூட்டிட்டாங்க."

"யாரு? எதுக்கு?"

"அது பெரிய கதை. சாவிக்காரரக் கூப்புடு. முன்னாடி போர்டுல நம்பர் இருக்கும்."

காலணிகள் வாசல் பக்கம் ஓடின, திரும்பி வந்தன. சாவிக்காரர் பக்கத்து கிராமத்துக்குப் போயிருக்கிறார், உடனே கிளம்பினாலும் ஆறு மணி ஆகிவிடும் என்றாராம். நிலவறையில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் ஆறு என்ற எண் நெஞ்சில் தைத்தது.

அம்மா ஒரு டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. "ஒனக்குன்னு பீராகி சுட்டேன். ஆறிப்போச்சு" என்று கம்பி வழியாக ஒவ்வொன்றாக நீட்டினாள். உள்ளே பன்றிக்கறியும் வெங்காயமும் வைத்த பிறை வடிவ ரொட்டி. பண்டிகை நாளில் எங்கள் வீடுகளில் மலை போல் சுடுவது. நான் வாங்கி வாங்கிக் கீழே கொடுத்தேன். கிடைத்ததைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

"எத்தன பேருடி அங்க?"

"மொத்தக் குழுவும் இருக்கோம் ஆன்ட்டி. உப்பு சரியா இருக்கு" என்றான் காத்திஸ் வாய் நிறைய.

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு போனில் வருவதுபோல இல்லை; நடுவில் ஒரு சின்ன விக்கல் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"நான் வரலைன்னு நெனச்சியா?" என்று கேட்டேன்.

"ம்."

"எப்படிம்மா நெனப்பே?"

"ஒன் எடத்துல நான் இருந்தா வந்திருக்க மாட்டேன், கண்ணு. அதான் தப்பா நெனைக்காமலே கெளம்பிட்டேன்." கையை மறுபடி கம்பிக்குள் விட்டாள். "முடிய வெட்டிட்டியா? நெட்டுல பாத்த போட்டோல நீளமா இருந்துச்சே."

"வெட்டிட்டேன். நீ?"

"எனக்கு நரைச்சிருச்சு. சாயம் அடிக்கிறேன். இன்னிக்குன்னு காலையில அடிச்சேன்."

எனக்காக அடித்த சாயத்தை நான் பார்க்க முடியவில்லை. கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு எட்டினேன். கோட்டின் ஓரம் தெரிந்தது, ஒரு பித்தான் தெரிந்தது, அதற்கு மேல் கல்தான். பக்கத்தில் இருந்தும் பார்க்க முடியாமல் இருப்பது தூரத்தைவிட மோசம்.

அம்மா கையை மெல்ல உருவிக்கொண்டாள். கடிகாரம் பார்த்திருப்பாள். காலணி இரண்டும் இடம் மாறி மாறி நின்றன.

"பஸ் வந்துரும்டி. நான் கெளம்பட்டுமா?"

கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள்.

நிலவறையில் ஒருவர்கூட அசையவில்லை. மெல்லுகிறவர்களும் வாயை நிறுத்திவிட்டார்கள். நான் பழக்க தோஷத்தில் திரும்பி டீச்சரைப் பார்த்தேன். வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று மூன்று வருஷமாக நான் பார்த்துப் பழகியது அந்தக் கைகளைத்தான். டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போகாதம்மா" என்றேன்.

மேலே ஒரு பெருமூச்சு. "ஒரு ராத்திரி வரலைன்னா ஆலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் அடுத்த வாரம் கூப்புட மாட்டான். நான் இருக்கிற ரூமும் அவனோடதுதான், தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்றே?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். நீ போனா நான் கோவப்பட மாட்டேன். நாளைக்கு போன் பண்ணா எடுப்பேன். ஆனா கேட்டியில்ல, அதுக்குப் பதில் சொல்றேன். போகாத."

பழுப்புக் காலணிகள் திரும்பின. சரிவில் இறங்கின. ஒன்று, அதன்பின் மற்றது, கம்பியின் ஓரம் வரை போய் மறைந்தன. வெளியே வெறும் கல் மட்டும் இருந்தது. நான் கம்பியை விடவில்லை. என் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். காத்திஸ் கல்லறை மேல் என் பக்கத்தில் நின்றான். கதீட்ரல் மணி ஐந்தே முக்காலுக்கான அடிகளை அடித்து ஓய்ந்தது. கீழே தெருமுனையில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு திரும்பியது. அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

காலடிச் சத்தம் கேட்டது. சரிவில் ஏறி வருகிற, மூச்சு வாங்குகிற நடை. பழுப்புக் காலணிகள் கம்பிக்கு முன்னால் வந்து நின்றன. கோட்டு நுனி மடங்கியது. அம்மா அந்தக் குறுகலான நடைபாதையில், போகிற வருகிறவர்கள் விலகி நடக்க, கால் நீட்டி உட்கார்ந்தாள். நீலப் பிளாஸ்திரி ஒட்டிய விரல் வந்து முதலில் ஒரு நாடாவை அவிழ்த்தது, பிறகு மற்றதை. உள்ளே சித்தி பின்னி அனுப்பிய கோடு போட்ட காலுறை.

கழற்றிய காலணி இரண்டையும் ஜோடி சேர்த்து, எங்கள் வீட்டு வாசலில் வைப்பதுபோல, சுவரோரமாக வைத்தாள்.